அம்மை, அக்கிக்கு வைரஸ் மாத்திரை சாப்பிட்ட அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

செங்கோட்டைக்காரி:

எங்களுக்குச் செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர்னு ரெண்டு மாநிலத்துலயும் சொந்தபந்தம் உண்டு. போன பங்குனியில எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அக்கி வந்துச்சு. அப்போ மாத்திரை எவ்வளவு கைகொடுத்துச்சுன்னு பக்கத்துல இருந்து பார்த்தவ நான். இன்னமும் நம்ம பக்கத்துல நிறையப் பேர் அக்கிக்கும் அம்மைக்கும் மாத்திரையே கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் எழுதுதேன்.

அத்தைக்கு முதல்ல கொப்புளமே இல்லை. வலது விலாவுல ஒரே எரிச்சல். வாய்வுப் பிடிப்புன்னு பூண்டு தட்டிக் கஷாயம் வச்சுக் குடிச்சாங்க. அடுத்து ஒரு காலையில, "ரவிக்கை பட்டாலே எரியுதும்மா, முதுகுல என்ன இருக்குன்னு பாரு"ன்னாங்க. முதுகுத்தண்டுல ஆரம்பிச்சு மார்புக்குக் கீழ வரைக்கும் பட்டையா சிவந்து கிடந்துச்சு. அதுமேல சாமை அரிசி பருமனுக்கு நீர்க்கொப்புளம் கொத்துக் கொத்தா. இடது பக்கம் ஒண்ணுகூட இல்லை.

தெருவே கூடி, வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிட்டு வரச் சொல்லிச்சு. ரெண்டு முனையும் உடம்பைச் சுத்தி வந்து ஒண்ணு சேர்ந்துட்டா ஆள் பிழைக்காதுன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போயிட்டா. வலியைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அத்தை அதிகமா அழுதாங்க.

அன்னைக்கே தென்காசிக்குக் கூட்டிட்டுப் போனோம். தோல் டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கொப்புளம் எப்போ கண்ணுல பட்டுச்சு?"ங்கறதுதான். 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரையை ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன்னு சொன்னாங்க. சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போறதில்லையாம். முதுகுத்தண்டு ஓரம் இருக்கிற நரம்பு முடிச்சுல முடங்கிக் கிடந்து, வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது ஒரு நரம்பைப் பிடிச்சு வெளிய வருமாம். அந்த நரம்பு ஓடுற இடத்தோட நின்னுடும், நடுத்தண்டைத் தாண்டாது, சுத்தி வந்து சேர்றதுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு அத்தை கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு மட்டும் உடம்பு பூரா பரவலாமாம்.

கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினினை ரத்தத்துல பார்த்துட்டு வாலசைக்ளோவிர் 1000 மி.கி. எழுதினாங்க. எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, 7 நாளைக்கு. மாத்திரை நீளமா இருந்ததால அத்தைக்குத் தொண்டையில நின்னுச்சு. டாக்டர்கிட்ட கேட்டு 500 மி.கி. ரெண்டு ரெண்டா மாத்திக்கிட்டோம்.

அக்கி எழுதாம அத்தைக்கு மனசு ஆறலை. புண்ணுல மண்ணு மட்டும் படக்கூடாது, சீழ் வச்சுடும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. வேளார் தாத்தாகிட்ட அதைச் சொன்னோம். செங்காவியைக் குழைச்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்தாரு. கொப்புளத்தை விட்டுத் தள்ளி, நல்ல தோல்ல பொறுமையா ஒரு சிங்கத்தை எழுதி முடிச்சு, "மாத்திரையை நேரந்தவறாமப் போடு தாயி"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவருக்கு அந்த வாரம் பூரா எங்க வீட்டுல இருந்து காப்பி போச்சு.

புதுக் கொப்புளம் வர்றது சீக்கிரமே நின்னு, இருந்தது காய்ஞ்சு பொருக்குத் தட்டிடுச்சு. மத்தவங்க அனுபவத்தையும் எழுதுங்க.

கம்பம்மெட்டு ஜீப்:

நான் கம்பம். விடியக்காலம் ஜீப் ஏறி மெட்டு வழியா வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போறவன். எனக்கு வந்தது சின்னம்மை, அதுவும் கல்யாணம் ஆன பிறகு. லயத்துல ஒரு பையனுக்குப் போட்டு, ரெண்டு வாரம் கழிச்சு எனக்குக் காய்ச்சல். நெஞ்சுல ரெண்டு மூணு முத்து தெரிஞ்சதுமே தோட்டத்துப் பக்கம் வர்ற சுகாதார ஊழியர், ஆஷா சேச்சி, பார்த்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. பெரியவங்களுக்கு முத்து போட்ட 24 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்னு சொல்லி, அசைக்ளோவிர் 800 மி.கி. காசில்லாமக் கொடுத்தாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு. காலையில 6, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. போன்ல அலாரம் வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா அப்பத்தா ஒத்துக்கலை. ஆத்தா வந்திருக்கா, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் மருந்து வாடையே வீட்டுக்குள்ள ஆகாதுன்னுட்டாங்க. வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு, அடுப்படியில தாளிப்பு நின்னு போச்சு. அப்பத்தாவோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. எம் பொண்டாட்டிதான் ஒரு வழி பண்ணுனா. மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னாடி, மஞ்சத்தண்ணி சொம்புக்குப் பக்கத்துல வச்சுட்டு, "அப்பத்தா, ஆத்தா கிட்ட கேட்டு நீங்களே எடுத்துக் குடுங்க"ன்னா. அதுக்கப்புறம் ஒவ்வொரு வேளையும் அப்பத்தா கையாலதான் வந்துச்சு. ராத்திரி 10 மணிக்கு எல்லாரும் தூங்கினாலும் அவங்க முழிச்சு உக்காந்திருப்பாங்க. சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் செலுத்திட்டு வந்தோம்.

எங்கூட வேலை பார்த்த ஒருத்தர், பீடி விடாமக் குடிக்கிறவரு, மூணாந்தண்ணி ஆகட்டும்னு மருந்தில்லாமக் கிடந்தாரு. இருமலும் மூச்சுத்திணறலும் வந்து, நெஞ்சுல நிமோனியான்னு ஆஸ்பத்திரியில சேர்த்து, ஊசி வழியா மருந்து ஏத்தினாங்க. பிழைச்சுட்டாரு, ஆனா பழைய தெம்புக்கு வர ரொம்ப நாளாச்சு. பெரியவங்களுக்கு அம்மை நுரையீரல்ல இறங்கும்ங்கறது பலருக்குத் தெரியலை. இருமலோ மூச்சு வாங்கறதோ தெரிஞ்சா அந்த நிமிஷமே கிளம்பணும்.

எங்கிட்ட இருந்து அண்ணன் மகளுக்கும் தொத்திக்கிச்சு. அவளுக்கு ஏழு வயசு. டாக்டர் இந்த மாத்திரையை எழுதலை. ஆரோக்கியமான சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் தானாவே இறங்கிடும்னாரு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குக் கேலமைன், நகத்தை ஒட்ட வெட்டி விடணும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துடாதீங்க, மூளையையும் ஈரலையும் தாக்குற ஒரு ஆபத்து இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு.

குழித்துறை மருந்துக்கடை:

களியக்காவிளை ரோட்டுல மருந்துக்கடையில நிக்கிறவன் நான். ரெண்டு பாஷைக்காரங்களும் வருவாங்க. ரெண்டு பேரும் கேக்கிறது ஒரே மாதிரி: "அக்கிக்கு ஒரு ஆயின்மென்ட்." உடம்புல பட்டையா வந்த அக்கிக்கு மேல பூசற அசைக்ளோவிர் கிரீம் பிரயோஜனப்படாது. வைரஸ் நரம்புக்குள்ள இருக்கு. மாத்திரைதான் அங்க போகும்.

இந்த மருந்து வேலை செய்ற விதம் எனக்கு இன்னமும் அதிசயம்தான். உடம்புக்குள்ள போனதும் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். வைரஸ் புகுந்த செல்லுக்குள்ள நுழைஞ்சாத்தான், அந்த வைரஸோட சொந்த நொதியே இதை உசுப்பிவிடும். உடனே வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கிற டி.என்.ஏ. சங்கிலிக்குள்ள போய் உக்காந்து, அதுக்கு மேல நீளவிடாம முறிச்சுடும். நல்ல செல்லை அதிகமாத் தொடாது. 1988-ல நோபல் பரிசு வாங்கின கெர்ட்ரூட் எலியன் அம்மாவோட ஆய்வுக்கூடத்துல நடந்த வேலை இது. இதுல இன்னொண்ணும் புரியும். மாத்திரை வைரஸ் பெருகறதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே பெருகினதை அழிக்காது, நரம்புல தூங்கறதையும் விரட்டாது. நாள் கடத்தக் கடத்த பலன் குறையறது அதனாலதான். வாலசைக்ளோவிர் உள்ள போய் அசைக்ளோவிரா மாறுறதுதான். குடல்ல நல்லா உறிஞ்சப்படுறதால அஞ்சு வேளைக்குப் பதிலா மூணு வேளை போதும். ஃபாம்சைக்ளோவிர்னு இன்னொண்ணும் இருக்கு, அதுவும் மூணு வேளை.

அளவு விஷயத்துல கவனமா இருங்க. அசைக்ளோவிர் 200, 400, 800 மி.கி.-னு மூணு அளவுல வரும். உதட்டு ஓரத்துல அடிக்கடி வர்ற கொப்புளம், பல்லி எச்சம் பட்டதுன்னு சொல்லுவாங்களே, அதுவும் அக்கி மாதிரி ஹெர்பிஸ் வைரஸ் குடும்பம்தான். ஆனா அது வேற வைரஸ், அதுக்கு அளவும் குறைவு. பக்கத்து வீட்டுல மீந்த 400-ஐ வச்சு அக்கியை ஆத்த முடியாது. டாக்டர் சீட்டில்லாம இதை விக்கவும் கூடாது. சீட்டு கேட்டா கோவப்படாதீங்க.

ஒரு லாரி டிரைவர் தம்பி, கடையில கூட்டம் குறையற வரைக்கும் வெளியில நின்னு, அப்புறம் உள்ள வந்து மெதுவா "அக்கி மாத்திரை"ன்னு கேட்டான். எந்த இடத்துலன்னு கேட்டதும் தலையைக் குனிஞ்சுட்டான். பிறப்புறுப்பு ஹெர்பிஸ். உள்ள ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, அரசு ஆஸ்பத்திரியில தோல், பால்வினைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். போய் சீட்டோட திரும்பி வந்தான். முதல் தடவைன்னா அசைக்ளோவிர் 400 மி.கி. மூணு வேளை, 7-ல இருந்து 10 நாள். மறுபடி வரும்போது குறுகுறுப்பு தெரிஞ்ச உடனே ஆரம்பிச்சா சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வந்தா தினமும் குறைஞ்ச அளவுல எடுத்து வராமத் தடுக்கவும் செய்வாங்க. "கல்யாணம் பண்ணலாமா அண்ணா?"ன்னு கேட்டான். தாராளமாப் பண்ணலாம், பெண்ணுக்கிட்ட மறைக்காதே, புண்ணு இருக்கிறப்போ சேராதே, டாக்டர் சொல்றதைக் கேளுன்னேன். புண்ணு இல்லாதப்பவும் பரவலாம், அதுக்குத்தான் அந்த தினசரி மாத்திரையும் ஆணுறையும். வெட்கத்தால ஆஸ்பத்திரிக்குப் போகாம எத்தனையோ பிள்ளைங்க ராத்திரியெல்லாம் எரிச்சலோட கிடக்காங்க. எனக்கு அதுதான் பெரிய சங்கடம்.

கடையநல்லூர்:

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்க பெரியப்பாவுக்கு கிட்னி பழுது, வாரா வாரம் டயாலிசிஸ். அக்கி வந்ததும் யாரோ பழைய சீட்டைக் கொடுக்க, முழு அளவு மாத்திரையைச் சாப்பிட்டாரு. கொஞ்ச நேரத்துல இல்லை, அடுத்தடுத்த நாள்ல ஆள் மாறிட்டாரு. இல்லாத ஆளுங்களோட பேசறாரு, கை நடுங்குது. பக்கவாதம்னு பயந்து ஓடினோம். இந்த மருந்து சிறுநீர் வழியாத்தான் வெளியேறணும், கிட்னி வேலை செய்யாததால ரத்தத்துல சேர்ந்து மூளையைக் கலக்கியிருக்குன்னு சொன்னாங்க. மாத்திரையை நிறுத்தி டயாலிசிஸ் பண்ணினதும் தெளிஞ்சாரு. கிட்னி சரியில்லாதவங்களுக்கு அளவைக் குறைச்சுத்தான் கொடுக்கணும். நல்லா இருக்கிறவங்களும் தண்ணி நிறையக் குடிக்கணும்.

கோபாலபுரம் தோப்பு:

பொள்ளாச்சி தாண்டி எல்லையில எங்க தென்னந்தோப்பு. அப்பாவுக்கு நெத்தியில அக்கி வந்துச்சுங்க. தேள்கொடுக்குப் பட்ட மாதிரி வலின்னாரு. மறுநாள் மூக்கு நுனியிலயும் ரெண்டு கொப்புளம். பாலக்காட்டுல இருக்கிற எங்க சித்தி நர்ஸுங்க. போட்டோ அனுப்பினதும், "மூக்கு நுனியில வந்திருந்தா கண்ணுக்கும் போகும், இப்பவே கண் டாக்டரைப் பாருங்க"ன்னாங்க. அதே நரம்போட கிளைதான் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போகுதாம். கோயமுத்தூருக்குப் போனோம். கருவிழியில லேசாப் பாதிப்பு ஆரம்பிச்சிருந்துச்சு. மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் கொடுத்தாங்க. பார்வை தப்பிச்சுது.

ஆனா வலி தப்பலைங்க. தோல் ஆறி மாசக்கணக்கா நெத்தியில காத்துப் பட்டாலே துடிப்பாரு. தலையில துண்டு கட்டாமத் தோப்புக்குப் போனவரில்லை, அந்தத் துண்டையே எடுத்து எறிஞ்சாரு. தலைசீவ முடியாது, ஃபேன் போட முடியாது. வெளியில ஒண்ணும் தெரியாததால சொந்தக்காரங்க, "எல்லாம் ஆறிப்போச்சே, இன்னும் என்ன"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி அவரை ரொம்ப நோகடிச்சுது. 3 மாசம் தாண்டியும் வலி நீடிச்சா அது அக்கிக்குப் பிந்தின நரம்பு வலின்னு டாக்டர் பேர் சொன்னாரு. வைரஸ் மாத்திரை அதுக்குக் கேக்காது. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையை ராத்திரியில ஆரம்பிச்சு மெல்ல மெல்லக் கூட்டினாங்க. முதல்ல தலைசுத்தல் இருந்துச்சு, அப்புறம் தூக்கம் வந்துச்சு. இப்போ துண்டு கட்டறாரு.

அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கி இருக்கிறவங்க கிட்ட இருந்து அடுத்தவங்களுக்கு அக்கி தொத்துமாங்க? எங்க வீட்டுல அண்ணி முழுகாம இருந்தாங்க, அவங்களைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிட்டோம்.

செங்கோட்டைக்காரி:

தம்பி, அக்கியா தொத்தாதாம். ஆனா கொப்புளத்து நீர் பட்டா, இதுவரைக்கும் அம்மையே வராதவங்களுக்குச் சின்னம்மையா வரலாம். கர்ப்பிணிக்கு அது ஆபத்து. பெரியவங்களுக்கு வர்ற நிமோனியா அவங்களுக்கு இன்னும் கடுமையாகும், முதல் 20 வாரத்துக்குள்ளன்னா குழந்தையையும் பாதிக்கலாம். எங்க நாத்தனார் மாசமா இருந்தா, அம்மை வந்த ஞாபகம் இல்லைன்னா. ரத்தப் பரிசோதனையில எதிர்ப்பு சக்தி இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் அத்தையைப் பார்க்க விட்டோம். பொருக்குத் தட்டுற வரைக்கும் அத்தை முதுகை மெல்லிசு பருத்தித் துணியால மூடி வச்சிருந்தோம், துண்டு, சோப்பு தனி.

அத்தைக்கும் கொஞ்ச நாள் விலாவுல ஊசி குத்தல் இருந்துச்சு, உங்க அப்பா அளவுக்கு இல்லை. அவருக்கு வந்த மாதிரி முகத்துல வந்தா தாமதிக்கவே கூடாதுன்னு எங்க டாக்டரும் சொன்னாங்க, காதுல வந்து வாய் கோணினாலும் அப்படித்தானாம்.

50 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு அக்கி வராமத் தடுக்க ஷிங்ரிக்ஸ்னு ஒரு ஊசி 2023-ல இருந்து இந்தியாவுல கிடைக்குது. ரெண்டு ஊசி, நடுவுல 2-ல இருந்து 6 மாசம் இடைவெளி. விலை நம்மள மாதிரி வீட்டுக்குக் கனம்தான். ஏற்கெனவே அக்கி வந்தவங்களும் நல்லா ஆறின பிறகு போட்டுக்கலாமாம். அத்தைக்கு ஆடி கழியட்டும்னு இருக்கோம். அவங்களுக்குப் போட்டுட்டு அடுத்து எங்க வீட்டுக்காரருக்கு.