கோபம் வந்தா வார்த்தைக்குப் பதிலா கண்ணீர் வருது. வேலை இடத்துல இதை எப்படிச் சமாளிக்கிறது?

கேள்வி: தண்டையார்பேட்டை பொண்ணு

மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ல (துறைமுகத்துக்கு வெளிய கன்டெய்னர்ல சரக்கு ஏத்தி இறக்குற இடம்) எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பாக்குறேன். வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை முதல்லயே சொல்லிடுறேன். ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ் பேப்பர்), கன்டெய்னர் சீல் நம்பர், வி.ஜி.எம். (சரக்கோட சேர்த்து கன்டெய்னர் எடை), ஃபார்ம் 13 (துறைமுகத்துக்குள்ள விடுற பேப்பர்) எல்லாம் என் டேபிளைத் தாண்டித்தான் போகும்.

பிரச்சினை கட்-ஆஃப் நாள்லதான், அதாவது கப்பலுக்குப் போற கன்டெய்னர், எங்க பாஷையில பொட்டி, துறைமுகத்துக்குள்ள போய்ச் சேர வேண்டிய கடைசி நாள்ல. நேரம் நெருங்க நெருங்க எங்க ஆபரேஷன்ஸ் சார் கவுன்டர்கிட்ட வந்து நின்னு கத்த ஆரம்பிச்சிடுவார். "உன்னாலதான் பொட்டி ஷட் அவுட் ஆகப்போவுது"ன்னு, அதாவது கப்பல்ல ஏறாம நின்னுடுமாம். கண்ணாடிக்கு வெளிய டிரெய்லர் டிரைவருங்க, கிளியரிங் ஏஜென்ட் பசங்க எல்லாரும் நிப்பாங்க. பேப்பர் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும். வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல துறைமுகத்தோட ஜீரோ கேட் வரிசையில நிக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?

எனக்கு வர்றது பயம் இல்ல, கோபம். ஆனா வாயத் தொறந்தா அழுகை முந்திக்குது. உடனே "இதுக்கெல்லாமா அழுவாங்க"ன்னு பேச்சு என் கண்ணீரைப் பத்தித் திரும்பிடுது. அவர் கத்தினது யாருக்கும் ஞாபகம் இல்ல. சொல்லாம விட்ட பதிலெல்லாம் ராத்திரி படுத்த பிறகுதான் வரிசையா வருது. வேலைய விட மனசில்ல. அழுகைய அடக்க ஏதாவது வழி இருக்கா?

பதில்: ராயபுரம் அக்கா

கண்ணு, தம்பு செட்டித் தெருவுல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல இதே பேப்பருங்களோட இருந்தவ நான். இப்ப ரிடையர் ஆயாச்சு. 2016 ஜூலையில வி.ஜி.எம். கட்டாயம்னு வந்தப்ப அந்தத் தெரு முழுக்க எப்படிக் கத்தல் கேட்டுச்சுன்னு இன்னும் காதுல இருக்கு. அதனால நீ சொல்றது எனக்கு நல்லாப் புரியுது.

அடக்காதே. முதல்ல அதைச் சொல்லிடுறேன். முகத்துல ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு அடக்கிக்கிட்டு இருக்கும்போது, அப்ப நடக்கிற விஷயம் மனசுல சரியாப் பதியாதுன்னு உளவியல் ஆராய்ச்சியிலயே சொல்லியிருக்காங்க. நம்ம வேலையில அது எவ்வளவு ஆபத்துன்னு உனக்கே தெரியும். கன்டெய்னர் நம்பர்ல 4 எழுத்து, 7 எண். அதுல ஒண்ணு இடம் மாறினா கேட்ல வண்டி நின்னுடும். அழுதா யாருக்கும் நஷ்டம் இல்ல. அழுகைய அடக்குறதுல கவனம் போயி 6-ஐ 9-ன்னு அடிச்சா நிஜமாவே பொட்டி நிக்கும்.

அவர் கத்த ஆரம்பிச்சதும் திரையில இருக்கிற கன்டெய்னர் நம்பரை ஒவ்வொரு எழுத்தா, மெதுவா, வாய்விட்டுப் படி. பக்கத்து டேபிளுக்குக் கேக்குற அளவுக்குப் போதும். அப்புறம் சீல் நம்பரைப் படி. மூச்சு தானா நிதானத்துக்கு வரும், நம்பரும் சரிபாத்த மாதிரி ஆயிடும். யோகா கிளாஸ்ல சொல்ற மூச்சுப் பயிற்சியெல்லாம் கவுன்டர்ல நடக்காதும்மா. இது நடக்கும்.

கண்ணு கலங்கினா கலங்கட்டும். ஆனா சொல்ல வேண்டிய வாக்கியத்தை முன்னாடியே வீட்டுல சத்தமா சொல்லிப் பாத்து வச்சுக்கோ. "சார், கண்ணு கலங்குது, அதை விடுங்க. ஃபார்ம் 13 ரெடி. வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க." அவ்வளவுதான். நீ அழுறதை நீயே சொல்லிட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டுப் பேச்சை மாத்த அவருக்கு இடம் இருக்காது.

இன்னொண்ணு. கோபம்னு நீ சொல்ற. நீ எழுதினதுல கண்ணாடிக்கு வெளிய நிக்கிறவங்கதான் எனக்குத் தெரியிறாங்க. கத்தினதைவிட அவங்க பாத்ததுதானே உன்னைச் சுடுது? அப்படின்னா நீ கேக்க வேண்டியதும் வேற. கப்பல் இல்லாத நாளாப் பாத்து, அவர் டீ குடிச்சுட்டு வந்த நேரமாப் பாத்து, ஒண்ணே ஒண்ணு கேளு: "சார், எதுவா இருந்தாலும் உள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க. வெளியாளுங்க முன்னாடி வேணாம்." இனிமே கத்தாதீங்கன்னு கேக்காதே, அது நடக்காது. பொட்டி ஷட் அவுட் ஆனா எக்ஸ்போர்ட்டர் போன் அவருக்குத்தான் வரும், அடுத்த கப்பல் வரைக்கும் பொட்டிய வச்சிருக்கிற செலவுக்கும் அவர்தான் பதில் சொல்லணும். அந்தப் பயத்துலதான் கத்துறார். அதுக்காக அவரைப் பொறுத்துக்கோன்னு சொல்லல.

பதில்: பெரம்பூர் 11

அக்கா சொன்னதுல ஒரு விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. எல்லாத்தையும் அந்தப் பொண்ணே சமாளிக்கணுமா? எங்க தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லுல இருந்தவர். 1918-ல வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து இங்க மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சப்ப, கூலி மட்டும் பிரச்சினை இல்ல. சாப்பிட நேரம் பத்தாதது, மேலதிகாரிங்க அவமானப்படுத்துறது, அடிக்கிறது, இதெல்லாமும்தான். மனுஷனை மரியாதையா நடத்துறது தொழிலாளர் பிரச்சினைதான். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவங்க யார்னு எழுதி வை தங்கச்சி. பொண்ணுங்கிறதை வச்சு ஆபாசமா ஏதாவது பேசினார்னா அது வேற கணக்கு. 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடத்துல உள்புகார்க் குழு இருக்கணும், 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும்.

பதில்: ராயபுரம் அக்கா

தம்பி சொல்றது நியாயம். எழுதி வை. நேர்ல கேட்டும் மாறலேன்னா அந்த நோட்டு தேவைப்படும்.

பதில்: நைட் ஷிப்ட் நர்ஸ்

ராத்திரி படுத்த பிறகு பதிலெல்லாம் வரிசையா வருதுன்னு எழுதியிருக்கீங்க. அதனால தூக்கம் கெடுறது ரொம்ப நாளா இருந்தா விடாதீங்க. 14416-க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு.

தண்டையார்பேட்டை பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. அக்கா, வெளியாளுங்க பாக்குறதுதான் சுடுதுன்னு நீங்க சொன்னதைப் படிச்சதும் ஆமான்னு தோணுச்சு. இந்த வாரம் கப்பல் இல்லாத நாள் ஒண்ணு வருது, அன்னைக்குக் கேக்கப் போறேன். ஒரு சந்தேகம்: பேப்பரை நான் எப்ப முடிச்சேன்னு மெயில் போட்டு வைக்கட்டுமா? மேனேஜரையும் அதுல சேக்கலாமா?

ராயபுரம் அக்கா

போடு, ஆனா மேனேஜரை இப்பவே சேக்காதே. முதல்ல நேர்ல பேசிடு. மெயில்ல கத்தினதைப் பத்தி ஒரு வார்த்தையும் வேணாம். கட்-ஆஃப் நேரம், வண்டி நம்பர், நீ பேப்பர் குடுத்த நேரம், இது மூணு மட்டும். பிரச்சினை வந்த அன்னைக்கு மட்டும் போட்டா புகார் மாதிரி தெரியும், அதனால எல்லாப் பொட்டிக்கும் போடு.