டோட்டல் கமாண்டரில மவுஸ் இல்லாமல் படம் மாத்துறது எப்பிடி?

கேள்வி: களுவாஞ்சிகுடி ஸ்டூடியோவுக்குக் கல்யாணப் படம் நிறைய வருது. டோட்டல் கமாண்டர் (இடம், வலம் எண்டு ரெண்டு பக்கமாப் போல்டர்களைக் காட்டுற விண்டோஸ் மென்பொருள்) பாவிக்கிறன். கமெரா கார்டில இருந்து ஹார்ட் டிஸ்குக்கு கீபோர்டாலேயே மாத்த என்ன கீ, அண்ணன்மார்?

பதில் 1: தம்பி, ஆல்ட்+எஃப்1 இடப்பக்க டிரைவ் பட்டியல், ஆல்ட்+எஃப்2 வலப்பக்கம். டிரைவ் எழுத்தை அடிங்க, திறக்கும். பக்கம் மாற டாப். இன்சர்ட்டால குறிச்சு எஃப்5 குடுத்தா மற்றப் பக்கத்துக்குக் கொப்பியாகும். எஃப்6 வேண்டாம், அது படத்தை மற்றப் பக்கத்துக்கு நகர்த்தி, கார்டில இருக்கிறதை அழிச்சுப்போடும். கொப்பியைத் திறந்து பார்க்கும்வரை கார்டு அப்படியே இருக்கட்டும்.

பதில் 2: அடிக்கடி போற போல்டரைக் கன்ட்ரோல்+டி அழுத்தினா வாற பட்டியல்ல சேருங்க. போல்டரில இருக்கிறதைப் புதுப்பிச்சுக் காட்ட எஃப்2, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் பழக்கத்தில அதுக்கு எஃப்5 அழுத்தினா கொப்பிப் பெட்டிதான் வரும்.

பதில் 3: லாப்டொப்பில எஃப்5 வெளிச்சத்தையோ சத்தத்தையோ மாத்தினா, எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்க.