லாரிகளுக்கு ஜிபிஎஸ் போட்டவர்கள் வாங்க: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிறை, 14 லாரி

அப்பா பிறையில் இரண்டு லாரியோடு ஆரம்பித்த தொழில். இப்போது என் கையில் 14. பாதி லாரி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் இடையே பினாங்குப் பாலத்தில் போய் வந்துகொண்டிருக்கும். மீதி கிள்ளான் வரை இறங்கும். டெலிமேட்டிக்ஸ் ஒப்பந்தம் (நாம் எல்லாரும் ஜிபிஎஸ் என்றுதான் சொல்கிறோம்) அடுத்த மாதம் முடிகிறது. இந்தத் தடவை சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் என் கதை, பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

2019-இல் முதல் முறை வாங்கினேன். விற்க வந்த தம்பி அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வரைபடத்தில் லாரிகள் ஊர்ந்து போயின, ஓரத்தில் டீசல் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எண்கள் ஓடின. அன்று மாலையே 36 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் லாரி ஒன்றில்கூட மாட்டிப் பார்க்கவில்லை.

மாட்டிய பிறகுதான் தெரிந்தது, கருவி 2 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் இடத்தை அனுப்பும். நெடுஞ்சாலையில் 80-இல் போகும் லாரி 2 நிமிடத்தில் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஜூருவில் வெளியேறியதா, பிறையில் வெளியேறியதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். அந்தச் செயலியில் வாடிக்கையாளர் இடத்தைக் குறிக்கும் எல்லையை வட்டமாக மட்டுமே போட முடிந்ததால், ஒரே வட்டத்துக்குள் இரண்டு வாடிக்கையாளரின் வாசலும் விழுந்தது. ஒருவருக்குப் போக வேண்டிய 'சரக்கு வந்து சேர்ந்தது' செய்தி பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருக்கிறது.

பெரிய அடி 3ஜி-யில் விழுந்தது. 2021 டிசம்பர் இறுதியோடு மலேசியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. என் கருவிகள் அதில் ஓடியவை. சில 2ஜி-க்கு இறங்கித் தடுமாறின, சில அப்படியே ஊமையாகிவிட்டன. புதுக் கருவிக்கு மறுபடியும் காசு கேட்டார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால், தொலைத்தொடர்பு மாற்றத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. சரி, விலகிவிடலாம் என்று என் லாரிகளின் பழைய ஓட்டப் பதிவைக் கேட்டேன். எக்செல் கோப்பாகத் தரும் வசதி இல்லை என்றார்கள். என் லாரி, என் டீசல், என் ஓட்டுநர். ஆனால் பதிவு மட்டும் என்னுடையது இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நீங்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள்? வாங்கிய பிறகு என்ன நடந்தது?

கிள்ளான், கொள்கலன் இழுவை

அண்ணே, எங்களுக்கு இடத்தைவிட டீசல்தான் தலைவலி. 2024 ஜூன் 10 தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மானிய அட்டை கிடைத்த லாரிகளுக்குப் பழைய விலை தொடர்ந்தது என்றாலும், அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு லிட்டரையும் எண்ண ஆரம்பித்துவிட்டோம். அதற்காகத்தான் டீசல் சென்சாரோடு வரும் ஜிபிஎஸ் வாங்கினேன்.

டீசலை அறிய மூன்று வழி உண்டு. லாரியின் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மிதவையிலிருந்து எடுப்பது மலிவு, ஆனால் அளவு தோராயம்தான். எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் எவ்வளவு எரிந்தது என்று நன்றாகத் தெரியும், ஆனால் தொட்டியிலிருந்து யாராவது உறிஞ்சினால் அதற்குத் தெரியாது. என்னிடம் இருக்கும் பழைய ஜப்பான் லாரிகளில் அந்த வழியே இல்லை. மூன்றாவது, தொட்டியில் துளை போட்டு நீளக் குச்சி சென்சார் இறக்குவது. நான் மூன்றாவதை எடுத்தேன்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். குச்சி சென்சார் போட்டால் தொட்டியைக் காலியாக்கி, 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அளவைப் பதிய வேண்டும். தொட்டியின் அடியும் மூலைகளும் வளைந்திருக்கும், அதனால் ஒரு சென்டிமீட்டர் உயரம் எல்லா இடத்திலும் ஒரே லிட்டர் ஆகாது. என் யார்டுக்கு வந்தவர்கள் அவசரத்தில் 100 லிட்டர் 100 லிட்டராக ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது விஷயம் தெரியாது.

இரண்டாவது வாரம் ஒரு இரவு கைப்பேசியில் எச்சரிக்கை: 'டீசல் திருட்டு, 18 லிட்டர்'. இடம் புக்கிட் பெராப்பிட் ஏற்றம். அந்த லாரியை ஓட்டியவர் எங்களோடு 15 வருடம் இருக்கிறவர், என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர். நான் அவரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் முன்னால் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்த வரைகோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏற்றத்தில் 18 லிட்டர் குறைந்திருக்கிறது, இறக்கம் வந்ததும் 17 லிட்டர் திரும்ப ஏறியிருக்கிறது. டீசல் தொட்டிக்குள்ளேயே பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். லாரியும் நிற்கவே இல்லை. ஓடும் லாரியில் யார் உறிஞ்ச முடியும்? அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்தார். ஆனாலும் பழைய மாதிரி பேச ஆறு மாதம் ஆனது.

இப்போது எங்கள் யார்டில், லாரி சமதளத்தில் எஞ்சின் நின்ற பிறகு எடுத்த இரண்டு அளவுகளை ஒப்பிடாமல் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விற்பவர் வந்தால் முதலில் 'சரிவில் அளவு ஆடினால் உங்கள் செயலி என்ன செய்யும்?' என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பூச்சோங், குளிர் லாரி கம்பெனியில் கிராணி (அலுவலக எழுத்தர்)

எல்லாரும் முதலாளி பார்வையில் எழுதுகிறீர்கள். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது நான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி வாங்கிய செயலியில் எச்சரிக்கை வகைகள் முப்பதுக்கு மேல். பொருத்த வந்தவர் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுப் போனார். திடீர் பிரேக், எஞ்சின் ஓடியபடி நிற்பது, எல்லை தாண்டியது, கதவு திறந்தது என்று காலை 8 மணிக்குள் கைப்பேசி சூடாகிவிடும். மூன்று பேருக்கு அதே செய்தி போகும். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அப்படித்தான் ஒரு நாள் உறைந்த கோழி ஏற்றிய லாரியில் குளிர் இயந்திரம் நின்றதை யாரும் பார்க்கவில்லை. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. வாடிக்கையாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவில் அது புதைந்து கிடந்தது.

அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து நான்கே நான்கு எச்சரிக்கை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. வெப்பநிலை எச்சரிக்கைக்கு 20 நிமிடத் தாமதம் கொடுத்தேன், ஏனென்றால் குளிர் இயந்திரம் தன் பனியைத் தானே உருக்கும் நேரத்தில் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அலறினால் உண்மையான அலறலுக்கு மதிப்பில்லை. இன்னொன்று, சென்சாரைக் குளிர்க்காற்று வரும் வாய்க்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். திரையில் எப்போதும் அழகான எண். கதவோரம் சரக்கு இளகிக்கொண்டிருக்கும். இரண்டு சென்சார் கேளுங்கள், ஒன்று கதவுப் பக்கம்.

அண்ணா, வாங்கும் முன் உங்கள் கிராணியையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

ரவாங், டிப்பர்

சுருக்கமாக. டிப்பரைத் தூக்கும்போது லாரி நின்றபடி எஞ்சின் ஓடும். தூக்கும் பம்பு ஓடுவதை அறியும் வயரைக் கருவியில் இணைக்காவிட்டால் அதெல்லாம் 'வீண் ஓட்டம்' என்று கணக்காகும். என் நல்ல டிரைவர்கள் எல்லாரும் அறிக்கையில் கடைசியில் வந்தார்கள். வயர் ஒன்று, அரை மணி வேலை.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றியும் கேட்கிறார்கள். 2025 மே 13 தெலுக் இந்தானில் கல் லாரி மோதி எஃப்ஆர்யூ (கலகத் தடுப்பு) போலீஸ்காரர்கள் 9 பேர், ஜூன் 9 கெரிக்கில் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். நானும் கல் ஏற்றுகிறவன். அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக அந்தக் கருவி கட்டாயமானது. அது லாரியை வேகம் தாண்ட விடாது. ஜிபிஎஸ் வேகத்தைப் பதிவு மட்டும்தான் செய்யும். ஒன்று இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

செந்தூல், 22 வருட டிரைவர்

நான் வாங்கவில்லை, என் தலைமேல் மாட்டினார்கள். அதனால் என் பக்கத்தையும் கேளுங்க.

எங்கள் கம்பெனியில் மார்க் முறை வந்தது. திடீர் பிரேக்குக்கு மார்க் குறையும், மார்க் குறைந்தால் மாதப் படி குறையும். ஈப்போவிலிருந்து இறங்கும்போது குவா தெம்புரோங் பக்கம் தெரியுமில்லையா? இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கிலேயே மெதுவாகப் போவேன், முன்னால் இடைவெளி விட்டிருப்பேன். அந்த இடைவெளியில் கார் புகுந்துவிட்டு பிரேக் அடிப்பான். நான் அடிக்காமல் என்ன செய்வேன்? மார்க் எனக்குப் போகும். இரண்டு மாதம் அப்படியே போச்சு. சில பையன்கள் மார்க்குக்குப் பயந்து மஞ்சள் விளக்கில் நிற்காமல் போக ஆரம்பித்தார்கள். இதை முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், கேட்டார். இப்போது கேமரா படத்தைப் பார்த்த பிறகுதான் மார்க்.

கேமராவை நான் முதலில் எதிர்த்தேன். அப்புறம் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார்சைக்கிள் என் முன்சக்கரத்தில் வந்து விழுந்தது. பையன் பிழைத்துவிட்டான், கடவுள் புண்ணியம். என்மேல் தப்பு இல்லை என்று முன்பக்கக் கேமராதான் காட்டியது. ஆனால் ஒன்று, அந்தக் கார்டில் இரண்டு நாள் படம்தான் நிற்கும், பிறகு புதுப் படம் அதன் மேலேயே பதிந்துவிடும். அன்றைக்கே அலுவலகத்துக்குப் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னதால் கிடைத்தது.

உள்பக்கம் பார்க்கும் கேமரா வேறு. தூங்கி விழுந்தால் எழுப்பும், நல்லதுதான். ஆனால் நாங்கள் லாரியில்தான் படுக்கிறோம், உடை மாற்றுகிறோம், வீட்டில் பேசுகிறோம். எஞ்சின் நின்ற பிறகும் அது ஏன் பார்க்க வேண்டும்? யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று என் மகள்தான் சொன்னாள். தமிழிலும் ஒரு தாள் கொடுங்கள். நாங்கள் படிப்போம்.

செபராங் ஜெயா, வயர்மேன்

நான் பொருத்துகிறவன். லாரி 24 வோல்ட், கருவியின் பெட்டியில் எவ்வளவு வரை தாங்கும் என்று பாருங்கள். பேட்டரி மெயின் சுவிட்சை இரவில் அணைக்கும் லாரியென்றால் முன்பே சொல்லுங்கள், இல்லாவிட்டால் தினமும் 'வயர் துண்டிப்பு' என்று வரும், பழி டிரைவர்மேல் விழும். சிரிம் (தரச் சான்று) முத்திரை இல்லாத கருவியைக் கொண்டுவந்தால் நான் பொருத்துவதில்லை.

தூரத்திலிருந்து எஞ்சினை நிறுத்தும் ரிலே வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஓடும் லாரியில் அதைத் தட்டினால் ஸ்டீயரிங் உதவி போய்விடும், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்பிரசரும் நிற்கும். மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது மட்டும் போதும். அதற்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிறை, 14 லாரி

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன்.

மூன்று கம்பெனியைக் கூப்பிட்டு, வாங்கும் முன் மூன்று வாரம் என் லாரியில் மாட்ட வேண்டும் என்றேன். ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டார், அதோடு விட்டேன். மற்ற இரண்டு கருவியையும் ஒரே லாரியில் மாட்டினோம், என்னிடம் இருப்பதிலேயே பழைய லாரி, கிள்ளான் ஓட்டம். தொட்டியில் 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றிப் பதியும்போது நானே பக்கத்தில் நின்றேன். மதியம் வரை ஆனது.

ஒவ்வொரு தடவை டீசல் ஊற்றும்போதும் பம்பு ரசீதை எடுத்து வைத்தோம். 180 லிட்டர் ஊற்றிய அன்று ஒரு திரை 169 என்றது, இன்னொன்று 177. சரக்குச் சீட்டில் வாடிக்கையாளர் முத்திரை குத்திய நேரத்தையும் ஒத்துப் பார்த்தோம். மெனோரா சுரங்கத்துக்குள் இரண்டுமே காணாமல் போயின, அது சாதாரணம். வெளியே வந்ததும் ஒன்று உடனே பிடித்தது, மற்றது நாலு நிமிடம் லாரி மலைமேல் ஓடுவதாகக் காட்டியது. என் கிராணி இரண்டையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, டீசலில் பின்தங்கிய கருவியின் திரைதான் தனக்கு எளிதாக இருக்கிறது என்றார். அதனால் இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் ரசீதோடு ஒத்துப்போனதை எடுத்தேன். திரையைக் கிராணிக்குத் தகுந்தபடி மாற்றித் தருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஒப்பந்தம் 12 மாதம். நெட்வொர்க் மாறினால் கருவியை அவர்களே மாற்ற வேண்டும். பதிவு முழுவதும் எப்போது கேட்டாலும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

செந்தூல் அண்ணன் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை யார்டில் டிரைவர்களிடம் படித்துக் காட்டினேன். உள்பக்கக் கேமரா எஞ்சின் நின்றதும் அணைய வேண்டும், படம் 7 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, பார்ப்பது நானும் கிராணியும் மட்டும் என்று அவர்களே சொல்லி எழுத வைத்தார்கள். இதை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். முடியாது என்றால் 14 லாரியிலும் முன்பக்கக் கேமரா மட்டும்தான்.