மறு: ஏர் பேஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கமுங்க,

பாட்டைக் கேட்டுக்கொண்டே, கையில் கருவி இல்லாமல், பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசிக்கிற மாதிரி விரலை ஆட்டுவதுதான் 'ஏர் பேஸ்'. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> 'காற்றுத் தாழிசைக் கிதார்' என்று வைத்தால் என்ன?

வேண்டாமுங்க. தாழிசை என்றால் யாப்பு படித்தவருக்குக் கலித்தாழிசைதான் நினைவுக்கு வரும். அதோடு காற்று என்று தொடங்கினாலே மனசு குழல், நாதசுரம் பக்கம் போய்விடுகிறது. நரம்புக் கருவிக்கு, அதுவும் கையிலேயே இல்லாத நரம்புக் கருவிக்கு, காற்றை முன்னால் ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

முதலில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' (1980) போடுங்க. ஜான் டீக்கன் எழுதியது, அந்த பேஸ் வரிதான் பாட்டே. ஒரே சுரம் மூன்று தடவை அழுத்தமாக விழும், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதைக் கேட்டு ஆடுகிறவர் கிதார்க்காரர் மாதிரி கையை மேலும் கீழும் வீசமாட்டார், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இடுப்பருகே மாறி மாறிச் சுண்டும், இடக்கை நல்லா நீண்டிருக்கும், ஏனென்றால் பேஸின் கழுத்து நீளம். ஆக வினைச்சொல் 'சுண்டுதல்'. மீட்டுதல் வீணைக்கு இருக்கட்டும்.

பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) இன்னும் நல்ல சோதனை. ரோஜர் வாட்டர்ஸின் அந்த வரி ஏழு எண்ணிக்கையில் சுற்றும், 'தகிட தகதிமி' என்று வாய்க்குள் போட்டுக்கொண்டால் விரல் பிசகாது. நடுவில் கிதார் சோலோ வரும்போது பாட்டு நான்குக்கு மாறிவிடும், ஏழைப் பிடித்துக்கொண்டிருக்கும் புது ஆள் அங்கே மாட்டிக்கொள்வார். தி ஹூ குழுவின் 'மை ஜெனரேஷன்' (1965) பாட்டில் கிதார் சோலோ வரவேண்டிய இடத்தில் ஜான் என்ட்விசிலின் பேஸ் பேசும். இப்படி ஆடுவதற்கு எந்தப் பாட்டு என்றால் என் வாக்கு அதற்குத்தான்.

> 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? அது பேஸே இல்லையே.

இல்லைதான். 2003-ல் வந்தது, தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் சாதாரண கிதாரையே பெடலில் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் கருவி) ஒரு தானம், அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கி வாசித்தது. ஆனால் கையில் கருவியே இல்லாதபோது அசல் கருவி எது என்ற வழக்கு எதற்கு? காதுக்கு பேஸாக விழுந்தால் பேஸ்.

சரி, சொல்லுக்கு வருவோம். நம் இசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானம் உண்டு, கீழ்த்தானம் மெலிவு. பொருள் கச்சிதம். ஆனால் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம் 'மெலிவைக் கொஞ்சம் கூட்டுங்க' என்று சொல்லிப் பாருங்க, சத்தத்தைக் குறைத்துவிடுவார். 'பேஸ் ஏத்துங்க' என்றால் அவருக்கும் புரியும், பொள்ளாச்சி பஸ்ஸின் கடைசி சீட்டில் முதுகு அதிர வருகிறவருக்கும் புரியும். எனவே பேஸை அப்படியே விட்டுவிடுவோம், 'ஏர்' மட்டும் மாறட்டும்.

என் முன்மொழிவு: 'வெறுங்கை பேஸ்'. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள், இந்த விளையாட்டில் போடும். கொஞ்சம் கேலி ஒட்டிக்கொண்டிருப்பதும் நல்லதுதான், இதைச் செய்கிறவர்கள் ரொம்ப முறைப்பாக இருந்தால் பார்க்கச் சகிக்காது. 'பாவனை பேஸ்' என்று ஈரோட்டு நண்பர் சொன்னதும் தப்பில்லை, ஆனால் நாடக வகுப்பு வாசம் வருகிறது. வெறுங்கை மற்றதுக்கும் நீளும்: வெறுங்கைக் கிதார், வெறுங்கை டிரம்ஸ். பின்லாந்தின் ஓலு நகரத்தில் 1996-ல் தொடங்கிய ஏர் கிதார் போட்டியையும் 'வெறுங்கைக் கிதார் உலகப் போட்டி' என்று எழுதிவிடலாம்.

ஸ்லாப் என்ற பேஸ் வாசிப்பு முறைக்குத்தான் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. கட்டைவிரலால் நரம்பை அடித்து, ஆட்காட்டி விரலால் இழுத்து விடுவது. 'தட்டுச் சுண்டல்' என்று யாராவது எழுதினால் தேங்காய் போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், அதைத் தவிர வேறு சொல்லுங்க.