சென் பாணி தாய் சி: முழங்கால் வலி, நல்ல ஆசிரியர் அமையவில்லை

2 வருடமாக, தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் யாங் பாணியில், 1956இல் சீனாவில் தொகுத்த 24 அசைவுத் தொடரைப் பழகுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. 4 மாதம் முன்பு சென் பாணி வகுப்பில் சேர்ந்தேன், அதில் தாழ்ந்து நிற்பதும் உடலைத் திருகிச் சுழற்றுவதும் அதிகம். 3ஆவது வாரத்திலிருந்து வலது முழங்காலின் உள்பக்கம் வலி. எடையை அந்தக் காலுக்கு மாற்றி இடுப்பைத் திருப்பும்போது முட்டி உள்ளே சரிவது கண்ணாடியில் நன்றாகவே தெரிகிறது.

உயரமாக நின்று பார்த்தேன், 2 வாரம் ஓய்வெடுத்தேன், வீடியோ எடுத்து ஆசிரியரிடம் காட்டினேன். பழகினால் சரியாகிவிடும் என்றார், கிட்டே வந்து திருத்தவே இல்லை. அப்புறம் வேறு 2 வகுப்புகள் போனேன், இரண்டிலும் முன்னால் நிற்பவரைப் பார்த்து அப்படியே செய்வதுதான். மருத்துவர் எலும்பில் பழுதில்லை என்கிறார்.

சென் பாணியை விட மனமில்லை. ஓர் ஆசிரியருக்கு முட்டியைக் காத்துச் சொல்லித்தரத் தெரியுமா என்பதை முதல் வகுப்பிலேயே எதை வைத்துக் கண்டுபிடிப்பது?