பாடா, கூடா, நெற்றா: வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வேளச்சேரியிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பயிற்சிக் கையேடு ஒன்றுக்காக 'பாட்' (pod) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறேன். வரும் சனிக்கிழமை தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தரவு அறிவியல் பயிற்சி நடத்துகிறோம். 60 மாணவர்கள். ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் பைத்தான் நிரல்மொழியை நிறுவ ஆரம்பித்தால் அதிலேயே காலைப்பொழுது போய்விடும். அதனால் மேகக்கணிமையில் ஒரு குபெர்னெட்டிஸ் கொத்தை (பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு) எடுத்து, அதில் ஜூப்பிட்டர்ஹப்பை (பலரும் உலாவி வழியே நிரல் எழுத உதவும் மென்பொருள்) நிறுவியிருக்கிறோம். கொத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியைச் சேவை தருபவர்களே பராமரிக்கிறார்கள். கணுக்கள், அதாவது கொத்தில் உள்ள கணினிகள், எத்தனை, ஒரு மாணவருக்கு எவ்வளவு நினைவகம் என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்தால் போதும். மாணவர் உலாவி வழியே உள்நுழைந்ததும் அவருக்கென்று ஒரு பாட் எழும்பும்.

அந்தப் 'பாட்'தான் சிக்கல். ஒன்றோ பலவோ கொள்கலன்கள் (ஒரு நிரலும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதிகள்) ஒரே பிணைய முகவரியைப் பகிர்ந்துகொண்டு, ஒரே கணுவில் சேர்ந்தே ஓடும் மிகச்சிறிய அலகு அது. கொத்து, கணு, கொள்கலன் மூன்றும் இங்கே முன்பே முடிவானவை. இதற்கு மட்டும் சொல் இல்லாமல் ஒலிபெயர்ப்பை வைத்திருக்கிறேன். 'பாட்டை நீக்கவும்' என்று எழுதினால் பாடலை நீக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. அரட்டை பாட்டுக்கும் (chatbot) தமிழில் இதே எழுத்துத்தான். மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டும் வருகின்றன. வியாழன் மாலை கையேடு திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போகிறது. உதவுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, ஒரு சொல்லைத் தனியாகப் பிடுங்கி நடக்கூடாது. குபெர்னெட்டிஸ் என்றால் கிரேக்கத்தில் கப்பலின் சுக்கான் பிடிப்பவன். கூகுள் அதை 2014இல் வெளியிட்டபோது ஏழு ஆரம் உள்ள சுக்கான் சக்கரத்தையே சின்னமாக வைத்தார்கள். கொள்கலன்களை உருவாக்கும் டாக்கரின் சின்னம் திமிங்கிலம். நீங்கள் ஜூப்பிட்டர்ஹப்பை ஏற்றப் பயன்படுத்திய ஹெல்மும் சுக்கான்தான். எல்லாமே கடல்!

நமக்குக் கடலில் பஞ்சமா? அகநானூறு 255ஐப் பாருங்கள்: 'நீகான் மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய'. கலங்கரை விளக்கின் ஒளியை வைத்துத் திசை அறிந்து கலத்தைச் செலுத்துகிறவன் நீகான். கலம் என்பது பாண்டமும் ஆகும், கப்பலும் ஆகும். கொள்கலனை ஏற்றிச் செல்லும் கலம் என்று நம் மொழியில் தானாகவே அமைந்துவிடுகிறது. அதே கிரேக்கச் சொல் லத்தீன் வழியாகப் போய்த்தான் கவர்னர் ஆனது. கிண்டியில் இருக்கும் ஆளுநரும் வேர்ப்படி ஒரு நீகானே. பாய்மரத்துக்கு நாம் சொல்லும் 'கூம்பு'க்கும் 'குபெர்' என்ற வேருக்கும் உறவு இருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

பாட் என்பதைத் திமிங்கிலக் கூட்டம் என்ற பொருளில் எடுத்துத் 'திரள்' எனலாம்.

மயிலாப்பூரிலிருந்து:

கூம்பை விட்டுவிடுங்கள், ஐயா. கூம்புதல் என்றால் குவிதல். தாமரை கூம்பும், கை கூம்பும். மேலே போகப் போக ஒடுங்குவதால் பாய்மரம் கூம்பு ஆனது. ஓர் அசை ஒத்துப்போவதை வைத்துக் கிரேக்கத்துக்குப் பாலம் போட முடியாது. நீகான் அருமையான சொல், ஆனால் குபெர்னெட்டிஸ் ஒரு மென்பொருளின் பெயர். பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. கேள்வி பாட் பற்றியது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பட்டாணிக் காய் என்ற பொருளும் உண்டு. ஓர் உறை, உள்ளே வரிசையாக விதைகள். உறை பாட், விதைகள் கொள்கலன்கள். அதற்கு நம்மிடம் 'நெற்று' இருக்கிறது. குறுந்தொகை 7இல் காற்றடிக்கும்போது 'வாகை வெண்ணெற்று ஒலிக்கும்'. கழைக்கூத்தர் பறைபோல் அது ஒலிப்பதாகப் பாட்டு. அகநானூறு 45இல் 'வாடல் உழுஞ்சில் விளைநெற்று அந்துணர்' என்று வருகிறது. துணர் என்றால் கொத்து. நெற்றும் கொத்தும் ஒரே அடியில் இருக்கின்றன! கணுவும் செடியில் உள்ளதே. கொத்து, கணு, நெற்று என்று மூன்றும் ஒரே தோட்டத்தில் விளைந்த சொற்களாக நிற்கும்.

தாம்பரத்திலிருந்து:

வணக்கம் ஐயா. சனிக்கிழமை வகுப்பெடுக்கப் போவது நான்தான். உழுஞ்சில் நெற்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் மாணவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நெற்று என்று பலகையில் எழுதினால் அதற்கு விளக்கம் சொல்லியே கால்மணி நேரம் போகும். 'கூடு' என்று வைத்தால் என்ன? பறவைக்குக் கூடு போல ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கூடு. கேட்டதும் புரியும். 'கூட்டை நீக்கு', 'கூடுகளைப் பட்டியலிடு' என்று வேற்றுமை உருபும் பன்மையும் இடறாமல் வரும்.

மயிலாப்பூரிலிருந்து:

அம்மா, முருங்கை நெற்று தெரியாத வீடு உண்டா? பேச்சில் 'நெத்து' என்பார்கள். விதைக்கென்று மரத்திலேயே காயவிடும் முருங்கைக்காய் அது. சென்னையிலும் கொன்றை மரத்தடியில் நெற்று கிடக்கிறது. மாணவருக்குத் தெரியாது என்று நாமே முடிவு கட்டிவிட்டால் அந்தச் சொல் எப்போதுதான் அவர்களிடம் போய்ச் சேரும்?

அம்பத்தூரிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கொத்துகளை இரவுப் பணியில் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் சொல்கிறேன். பாட் நிலையான பொருள் இல்லை. கணு பழுதானால் அதில் ஓடிய பாட்டும் போகும். அதன் இடத்தில் எழும்புவது வேறொரு பாட், அதே பாட் இல்லை. ஜூப்பிட்டர்ஹப்பின் இயல்பான அமைப்பில் ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் மாணவரின் பாட் நிறுத்தப்பட்டுவிடும். ஆனால் அவருடைய கோப்புகள் பாட்டுக்குள் இல்லை, வெளியே நிலைத்த சேமிப்பில் இருக்கின்றன. திரும்ப உள்நுழைந்தால் புதிய பாட் எழும்பி அதே சேமிப்போடு இணைந்துகொள்ளும்.

போன வருடம் வேறோர் இடத்தில் நடந்த பயிற்சியில், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஒரு மாணவி அழுதேவிட்டார். கையேட்டில் பாட்டை 'உங்கள் வீடு' என்று எழுதியிருந்தார்கள். திரையில் அது நிறுத்தப்பட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் காலையில் செய்ததெல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். எல்லாக் கோப்பும் பத்திரமாக இருந்தது. கூடு என்றாலும் இதுதான் நடக்கும் அக்கா. கூடு என்றால் குடியிருக்கும் இடம், முட்டை இருக்கும் இடம். நெற்று காயும், வெடிக்கும், உதிரும். யாரும் அதற்காக அழுவதில்லை. அந்த வகையில் ஐயா சொன்ன சொல்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இந்த இழையைப் படிக்கத் தொடங்கியபோது நான் பாட் கட்சிதான். இப்போது அப்படி இல்லை.

இன்னொன்று. கையேட்டு வரைவில் ஓரிடத்தில் deployment என்பதற்கு 'வரிசைப்படுத்தல்' என்று இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு தளத்தை மேகத்தில் ஏற்றி ஓடவிடுவதற்கும் எண்களை வரிசையாக அடுக்குவதற்கும் ஒரே சொல் இருந்தால் தரவு அறிவியல் மாணவர் என்ன செய்வார்? அதை நிறுவல் என்றே மாற்றிவிடுங்கள், தம்பி.

பெரம்பூரிலிருந்து:

அப்படியானால் கொத்தையும் 'துணர்' என்று மாற்றிவிடலாமே. அகநானூற்று அடி அப்படியே கிடைத்துவிடும்.

அம்பத்தூரிலிருந்து:

கொத்தில் சேர்ந்திருப்பவை கணுக்கள், ஐயா. பாட்டுகள் கணுக்களின் மேல் ஓடுகின்றன. துணர் என்றால் நெற்றுகளே நேராகக் கொத்தாவதுபோல் ஆகும். அப்புறம், கொத்து ஏற்கெனவே அச்சில் வந்த சொல். அதைத் தொட வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து:

புதன் இரவு பதினொன்றரை ஆகிறது. வந்த கருத்துகளை எண்ணினேன்: கூடு ஏழு, நெற்று நான்கு, பாட் மூன்று, திரள் ஒன்று. வகுப்பெடுப்பவருக்கு வாயில் வரும் சொல் வேண்டும் என்பதால் கூட்டையே வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'பாட் எனும் கூடு' என்றிருக்கும். வரிசைப்படுத்தல் எல்லா இடத்திலும் நிறுவல் ஆகிவிட்டது.

தாம்பரத்திலிருந்து:

நன்றி தம்பி. அம்பத்தூர்த் தங்கை சொன்னது மனதில் நிற்கிறது. காலை முதல் அரைமணியில், ஒரு கூட்டை நானே நீக்கிவிட்டு, திரும்ப உள்நுழைந்து கோப்பைத் திறந்து காட்டுகிறேன்.

மயிலாப்பூரிலிருந்து:

என் வாக்கு இன்னமும் நெற்றுக்குத்தான், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூடு என்றே அச்சிடுவதானால், உள்நுழையும் முறை சொல்லும் பக்கத்தில் 'கூடு நின்றாலும் கோப்பு இருக்கும்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து:

போட்டுவிட்டேன் ஐயா. பக்கம் 14, மேலேயே இருக்கிறது.