மாலை போட அப்பா குடியை நிறுத்திட்டார், கை நடுங்குது. என்ன செய்யறது?

திருப்பூர் மகள்:
அப்பாவுக்கு 56 வயசு. இருபது வருஷக் குடி. இப்பல்லாம் காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும். சபரிமலைக்கு மாலை போடணும்னு நேத்து மதியத்தோட நிறுத்திட்டார். ராத்திரி பூரா தூங்கல, வேர்த்துக் கொட்டுது. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சித்தப்பா சொல்றார். சாப்பாட்டுல தெரியாம கலக்குற பொடி ஒண்ணை அம்மா வாங்கி வெச்சிருக்காங்க. கொடுக்கலாமா?

லேத்துக்காரன்:
தங்கச்சி, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் மாலைக்காக நிறுத்தினவன்தான். மறுநாள் கோயில் வாசல்லயே வலிப்பு வந்து விழுந்தேன். மூணாம் நாள் ராத்திரி, சுவத்துல எறும்பு ஊருதுன்னு போர்வையால தட்டிக்கிட்டே இருந்தேனாம். பெத்த பொண்ணையே அடையாளம் தெரியல. வீட்டுல சாமி குத்தம்னு பயந்துட்டாங்க.

டாக்டர் அப்புறம்தான் புரிய வெச்சார். குடி மூளையை அமுக்கும். அதை மீறி வேலை செய்ய மூளை எந்நேரமும் முறுக்கேறியே பழகிடும். ஒரே நாள்ல குடியை எடுத்தா அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துல வரும், பிதற்றல் அதுக்கப்புறம். உயிரே போகலாம். எனக்கு வைட்டமின் பி1 ஊசி போட்டு, அந்த முறுக்கை அடக்குற டயஸெபாம் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைச்சாங்க. அதை நீங்களா வாங்கிக் கொடுத்துடாதீங்க.

வார்டு நர்ஸ்:
பொடி வேண்டவே வேண்டாம்மா. அதுல என்ன இருக்குன்னே தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரை அதுல கலந்திருந்து, அவர் மறுபடி குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கிடும். அந்த மாத்திரையை நோயாளிக்குச் சொல்லாம கொடுக்கவே கூடாது. நடுக்கம் அடங்கின பிறகு குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இருக்கு. கல்லீரல், கிட்னி பார்த்துட்டு டாக்டர் முடிவு பண்ணுவார். ஆலோசனைக்கு 14446, இலவசம்.

திருப்பூர் மகள்:
"நான்தான் நிறுத்திட்டேனே, எதுக்கு ஆஸ்பத்திரி"ங்கிறார் அண்ணா.

லேத்துக்காரன்:
குடிக்கு இல்லப்பா, நடுக்கத்துக்குன்னு சொல்லுங்க. துணைக்கு இன்னொரு ஆளைக் கூட்டிக்கோங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க. சாவிக்கொத்தைக் கையில திணிக்காதீங்க, வாயில எதுவும் வைக்காதீங்க. கடைசியா எப்போ, எவ்வளவு குடிச்சார்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. என் வீட்டுல மானம் போயிடும்னு அதைத்தான் மறைச்சாங்க.